அரை மாத்திரை

எங்கள் பேட்டையின் பெயரே
ப-வில் தொடங்கித் தொலைக்கிறது.
புக்கிட் பாஞ்சாங்.
ரயில் நிலையங்களும் பெட்டிர், பெண்டிங்.
போதாக்குறைக்கு நாங்கள் மகனுக்குத்
தேடித் தேடி வைத்த பெயர்
பரணிதரன்.

எட்டு வயது.
ப வந்தால் உதடு மூடிக்கொள்ளும்,
சாவி தொலைந்த கதவைப்போல.
என்னை அவன் கூப்பிடுவதில்லை,
சட்டை நுனியை இழுப்பான்.
அப்பா என்பதில் ப இரண்டு.

"ப்..." என்பான்.
பசிக்குதா? பால் வேணுமா? பென்சிலா?
மூன்று பொட்டலங்களை வாசலில் போட்டுவிட்டு
அடுத்த மாடிக்கு ஓடிவிடுவேன்.
என் பிழைப்பும் அதுதான்.
ஒரு வீட்டுக்கு நாற்பது நொடி.
கதவு திறக்கும்வரை நின்றால்
அன்றைய கணக்கு விழும்.

எங்கள் புளோக் மின்தூக்கியில்
மூடும் பொத்தானின் அம்புக்குறி தேய்ந்தே போயிற்று.
திறக்கும் பொத்தான்
வாங்கிவைத்த அன்று போல மின்னுகிறது.
தேய்த்ததில் என் கட்டைவிரலுக்குப்
பெரும்பங்கு உண்டு.

மிஸ் ஓங் சொன்னார்:
வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள்.
மெதுவாகச் சொல் என்றும் சொல்லாதீர்கள்.
கைபேசியைப் பார்க்காதீர்கள்.
பிறகு என்னதான் செய்வது என்றேன்.
அவர் மூச்சு எடுத்துப் பதில் சொல்வதற்குள்
மறுபடி கேட்டுவிட்டேன்.

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
அவன் என் முகத்தை விட்டு
தாடையையே பார்த்தான்.
பொறுமை என்று நான் நம்பியது
வாய்மூடிய அவசரம்.
வியாழக்கிழமை அதுவும் உடைந்தது.
"பேனா! பேனாதானே?"
பேனா இல்லை.
என்ன என்று
அவன் இன்றுவரை சொல்லவில்லை.

எல்ஆர்டி வண்டி
வீடுகளை ஒட்டிப் போகும்போது
கண்ணாடி தானே மங்கிவிடும்,
உள்ளே குடித்தனம் நடக்கிறது, பார்க்காதே என்று.
அன்று அவன் கண்கள் அப்படி மங்கின.

இரவு, மாத்திரையை உடைக்கும்போதுதான்
எப்போதோ வகுப்பில் ஒப்பித்தது ஞாபகம் வந்தது.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
இமைப்பதில் பாதி நேரம்.
எல்லோரும் மிதித்துத் தாண்டிப் போகும் அந்த அரையில்
என் பிள்ளை குடியிருக்கிறான்.
தலையில் புள்ளியோடு நிற்கிறது ப்.
உயிர் வந்து சேர வேண்டும்.
உயிரை யார் விரட்ட முடியும்?
இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எனக்கு எழுதியதும்
அரைதான்.
ஒருநாளும் சரிபாதியாக உடைந்ததில்லை அது.

ஞாயிறு காலை பிராட்டாக் கடை.
வரிசை தூணைத் தாண்டி வளைந்திருந்தது.
நான் சொல்றேன், என்று முன்னால் போய் நின்றான்.
"ப்..."
சலாஹுதீன் வீசிய மாவு
கல்லில் விழுந்து ஓசை அடங்கியது.
பின்னால் யாரோ நாக்கைச் சப்பினார்கள்.
என் நாக்கு நுனியில்
பிளேன் ரெண்டு, பிளேன் ரெண்டு என்று
சூடாக, தயாராக.
விழுங்கினேன்.
அவன் காதோரம் ஒரு வேர்வைத்துளி
இறங்கலாமா என்று யோசித்தது.
அந்தக் காதுமடல்
என்னுடையதைப் போலவே மடிந்திருப்பதை
எட்டு வருடத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

புள்ளி கழன்றது.
"பிளேன் ரெண்டு."
முடிந்தது என்று பணத்தை எடுத்தேன்.
முடியவில்லை.
"முட்டை ஒண்ணு. அ... அப்... ப்ப்..."
குழம்பு ஆறினால் ஆறட்டும்.
"அப்பாவுக்கு."

இப்படியே நான் திருந்திவிட்டதாக
எழுதி முடிக்கலாம்தான்.
மறுநாள் காலை, ஏழு பத்து,
யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டும்
மூடும் பொத்தானை நான்கு முறை அழுத்தினேன்.
ஐந்தாவதற்கு விரலை நீட்டியபோது
சட்டை நுனி இழுபட்டது.
திரும்பினேன்.
உதடு மூடியிருக்கிறது.
இல்லை, ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறான்.

ப்...